வெலிமடையின் காற்று: இழுப்புள்ள பிள்ளையோடு குடிபோகிறவருக்கு

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு ஜனவரியில் வெலிமடைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம். வத்தளையிலிருந்து குடும்பத்தோடு போக வேண்டும். ஆறு வயது மகனுக்கு வருடத்தில் மூன்று, நான்கு தடவை இழுப்பு (ஆஸ்துமா) வந்து நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கிறது. உறவினர் ஒருவர் மலைக்காற்று மருந்து மாதிரி என்கிறார். இன்னொருவர் ஆகஸ்டில் மலையெல்லாம் பற்றி எரியும், பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள் என்கிறார். இரண்டில் எது உண்மை, எந்த மாதத்தில் போவது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். காற்று என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு விடயங்களைச் சேர்த்துப் பேசிவிடுகிறோம் என்பதால்தான் இரண்டு உறவினரும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். குளிர், மூடுபனி, மழை, வேகம் ஆகியவை காலநிலை; அவற்றை நாம் மாற்ற முடியாது. புகை, தூசி, வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துத் தெளிப்பு ஆகியவை அந்தக் காற்றில் கலப்பவை. அவை வீட்டுக்கு வீடு, மணிக்கு மணி மாறும். உங்கள் மகன் வெலிமடையில் வாழலாம் என்பதே என் பதில். வத்தளையின் பிரதான வீதியோரக் காற்றைவிட அங்கே பெரும்பாலான நாட்களில் காற்று சுத்தமாகவே இருக்கும். ஆனால் பயப்பட வேண்டிய மாதம் ஆகஸ்ட் என்று எல்லோரும் சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. காற்றே அசையாத ஜனவரி, பெப்ரவரி, மார்ச் காலைகளும், எல்லா மாதங்களிலும் எரியும் விறகடுப்பும்தான் அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்கு அதிகம் பொருட்படுத்த வேண்டியவை.

நான் விவசாயத் துறையில் 27 வருடங்கள் வெலிமடை, பொரலந்தை, ஊவா பரணகமைப் பகுதிகளில் வேலை செய்தவன். மழைமானியையும் ஈர, உலர் வெப்பமானிகளையும் தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்த்துக் குறிப்பது நீண்ட காலம் என் பொறுப்பாக இருந்தது. பயிருக்கான வானிலையைப் பற்றிய பயிற்சியும் பெற்றிருக்கிறேன். ஆகவே காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, அதில் என்ன கலக்கிறது என்பதைப் பற்றி நான் நம்பிக்கையோடு பேசலாம். நான் வைத்தியர் இல்லை. எந்த மருந்தை எப்போது கொடுப்பது என்பதை மகனைப் பார்க்கும் வைத்தியரிடமே கேளுங்கள்; இதில் நான் சொல்லும் எதுவும் அதற்குப் பதிலாகாது.

முதலில் நிலத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன. வெலிமடை ஒரு மலையுச்சி ஊர் இல்லை. உமா ஓயாவின் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்குச் சற்று மேலே அமைந்த ஊர். தெற்கிலும் மேற்கிலும் ஹப்புத்தளையிலிருந்து ஓட்டன் சமவெளி வரை நீளும் உயர்ந்த மலைத்தொடர், வடமேற்கே ஹக்கலையும் பிதுருதாலகால மலையும், கிழக்கே தூரத்தில் 2,000 மீற்றரைத் தாண்டிய நமுனுகுலை என்று சுற்றிலும் மலைகள் நிற்க, நடுவே ஒரு பெரிய கிண்ணம் போல் ஊவாப் படுகை கிடக்கிறது. வெப்பம் உயரத்தோடு 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 6 அல்லது 7 பாகை குறைவதால், கொழும்பில் சராசரியாக 27 பாகை செல்சியஸ் இருக்கும்போது இங்கே 20, 21 பாகை இருக்கும். நுவரெலியா இதைவிட இன்னும் ஏறத்தாழ 800 மீற்றர் மேலே இருக்கிறது. அங்கே உள்ள உறைபனியையும் இடைவிடாத மூடுபனியையும் வெலிமடைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். கிண்ணத்துக்குள் இருப்பது என்பதற்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு: பெருங்காற்றின் வேகத்தையும் மழையின் பெரும்பகுதியையும் மலைகள் வாங்கிக்கொள்கின்றன, அதே மலைகள் கிண்ணத்துக்குள் பிறக்கும் புகையை வெளியே விடாமலும் வைத்துக்கொள்கின்றன.

மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்றை எடுத்துக்கொள்வோம். ஜூலை மாதத்தில் நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில் பஸ்ஸில் வந்தவர்களுக்கு இது நேரில் தெரியும். சீத்தாஎலிய அம்மன் கோவிலடியில் தூறலும் மூடுபனியுமாக இருக்கும். ஹக்கலையைத் தாண்டிக் கீழே இறங்க இறங்க மேகம் பின்னால் நின்றுவிடும். வெலிமடைக்கு வரும்போது நல்ல வெயிலும், சட்டையைப் பிடித்து இழுக்கும் காற்றுமாக இருக்கும். ஈரமான கடற்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது அதனால்தான்; ஊவாப் படுகைக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே, அதுவும் வேறு மாதங்களில். மழையாகக் கொட்டி ஈரத்தை இழந்த காற்று எங்கள் பக்கம் இறங்கும்போது, ஏறும்போது இழந்த வெப்பத்தைவிட அதிகமாகப் பெறுகிறது: மேகமாக ஏறும் காற்று 1,000 மீற்றருக்கு 5, 6 பாகை குளிர்கிறது, உலர்ந்து இறங்கும் காற்று ஏறத்தாழ 10 பாகை சூடாகிறது. கிழக்கில் கச்சான் என்று சொல்வது இந்தக் காற்றைத்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத வாசனையைக் கொடுப்பதும் இதே காற்றுதான்; கொழுந்து உலர்ந்து சுருங்கும் அந்த வாரங்களில் தோட்டத்துத் தொழிற்சாலைப் பக்கம் நடந்தாலே அந்த மணம் தெரியும். அதே வாரங்களில்தான் புல்லும் காய்ந்து நெருப்புக்குத் தயாராகிறது.

உங்கள் இரண்டாவது உறவினர் சொன்ன தீ உண்மையானது. எல்ல, ஹப்புத்தளை, ஹல்தும்முல்லை, பண்டாரவளை, வெலிமடை மலைகளில் மானாப் புல் வளர்ந்த வெளிகளும், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வெளிகளில் நடப்பட்ட பைனஸ் காடுகளும் பெரும்பாலான வருடங்களில் ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் எங்காவது எரிகின்றன. பைனஸ் இலை மெத்தை மெத்தையாகச் சேர்ந்து, பிசினோடு சேர்ந்து எரியும். இந்தத் தீ பெரும்பாலும் மனிதர் வைப்பது: மாட்டுக்கு இளம்புல் வரட்டும் என்று, காணியைத் துப்புரவாக்க, வேட்டைக்கு, அல்லது வெறும் கவனக்குறைவால். ஒரு மலைச்சரிவு முழுவதும் கறுத்துப்போய், அதன் பின் வரும் ஐப்பசி மழையில் மேல்மண் கரைந்து ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் தாங்குவதில்லை. ஒரு அங்குலம் மண் உருவாக எத்தனை தலைமுறை செல்லும் என்பதை எங்கள் தொழிலில் இருந்தவர்கள் அறிவார்கள். ஆனால் நீங்கள் கேட்டது மூச்சைப் பற்றி. பலத்த காற்று வீசும் மாதமாக இருப்பதால், தீ உங்கள் வீட்டுக்கு மேற்கே அல்லது தென்மேற்கே அருகில் எரிந்தால் ஒழிய, புகை கலைந்து கிழக்கே போய்விடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், புகை எம்மாத்திரம். அருகில் எரியும் அந்த ஒரு நாள், இரண்டு நாள் உண்மையிலேயே மோசமானவை. அன்று பிள்ளையை வீட்டுக்குள் ஜன்னல்களைச் சாத்தி வைத்திருக்க வேண்டும், முடிந்தால் அந்த இரவை வேறு இடத்தில் கழிக்க வேண்டும். அப்படிப்பட்ட நாட்கள் ஒரு பருவத்தில் எத்தனை என்பது வருடத்துக்கு வருடம் மிகவும் வேறுபடும். தீ கண்ணுக்குத் தெரியும், வாசனை வரும், ஊரே பேசும் என்பதால் அதற்கு நீங்கள் எப்படியும் தயாராகிவிடுவீர்கள்.

அந்த மாதங்களில் தீயைவிடத் தினமும் இருப்பது தூசி. பெரும்போகத்தில் நெல் விளைந்த வயல்களில் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு, போஞ்சி, கரட் என்று மரக்கறி போடுவது இந்தப் படுகையின் வழக்கம். காய்ந்த மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டும்போதும், கோழி எருவைக் கொட்டிப் பரப்பும்போதும் எழும் தூசி பெரும்பாலும் பருமனானது. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கும், தும்மலையும் கண் எரிச்சலையும் தரும், ஆனால் புகையின் நுண்துகள் போல நுரையீரலின் அடிவரை போவதில்லை. இழுப்புள்ள பிள்ளைக்கு மூக்கு எரிச்சலே தொடக்கமாகலாம் என்பதால் அதை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. மருந்துத் தெளிப்பைப் பற்றியும் பலர் என்னிடம் கேட்பதுண்டு. முகமூடி இல்லாமல் தோளில் பம்பைச் சுமந்து தெளிப்பவருக்கு ஆபத்து என்பதில் சந்தேகமே இல்லை. வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வயல் வரப்பைத் தாண்டி வீட்டுக்கு வரும் மருந்தின் அளவு, தூரத்தையும் காற்றின் திசையையும் தெளிகருவியின் துளி எவ்வளவு நுண்ணியது என்பதையும் பொறுத்தது. அதற்கு ஒரே விடை இல்லை. வயலுக்கு நேர் ஓரத்தில் உள்ள வீட்டைத் தவிர்த்தால் இந்தச் சந்தேகத்தோடு நீங்கள் வாழ வேண்டியதில்லை.

ஒக்டோபரில் காற்று நின்று, பிற்பகல் இடியோடு மழை தொடங்கும். ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்கள்தான் ஊவாவின் மழைக்காலம். முதலில் இடைப்பருவ மழை, பிறகு வடகிழக்குப் பருவ மழை. வெளிக்காற்று வருடத்தில் மிகச் சுத்தமாக இருப்பது இந்த மாதங்களிலும் ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் மழைக்குப் பிறகும்தான். நல்ல மழை தூசியைக் கழுவிவிடும், எரிப்பதற்கு எதுவும் காய்ந்திருக்காது. ஆனால் இப்போது தொல்லை வீட்டுக்குள் வருகிறது: வாரக்கணக்கில் வெயில் படாத சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், அலுமாரிக்குள் துணி நாறும், கம்பளி ஈரமாகவே இருக்கும். பூஞ்சணமும் தூசிப் பூச்சியும் இழுப்பைத் தூண்டும் என்பது நன்கு உறுதியான விடயம். வாடகைக்கு வீடு பார்க்கும்போது புதுச் சாயத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அலுமாரியை நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள், மூலைகளை முகர்ந்து பாருங்கள். இந்த மாதங்கள் மண்சரிவின் மாதங்களும் ஆகும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மண் மூடிய நாள் 2014 ஒக்டோபர் 29. அதுவும் இதே பதுளை மாவட்டம்தான். காற்றுக்காக மேட்டில் வீடு தேடச் சொல்லப்போகிறேன் என்பதால், அந்தச் சரிவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறிந்த பிறகே முடிவெடுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் பருவத்துக்கு வருகிறேன். ஜனவரி நடுப்பகுதியில் மழை ஓயும். வானம் தெளியும், காற்று அடங்கும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதன் காரணம் இந்த இரவுகளில் தெரியும். மேகமில்லாத வானத்துக்குத் தரை தன் வெப்பத்தை விட்டுவிட, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் போல் சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. விடியும் நேரத்தில் வயலோரம் வெப்பமானி 12 பாகையை ஒட்டி நிற்கும்போது, சற்று மேலே வீதியோரம் நின்றால் குளிர் குறைவாக இருப்பதை உணரலாம். சாதாரணமாக மேலே போகப் போகக் குளிர வேண்டும். இங்கே தலைகீழாக, குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று ஒரு மூடி போல் உட்கார்ந்திருக்கிறது. அந்த மூடிக்குக் கீழே அதிகாலை ஐந்தரைக்கும் எட்டுக்கும் இடையில் ஊரின் அடுப்புகள் எல்லாம் எரியத் தொடங்குகின்றன, முற்றத்தில் கூட்டிய குப்பைக்கு நெருப்பு வைக்கப்படுகிறது, கெப்பெட்டிபொலப் பொருளாதார மையத்துக்கு, அதாவது மொத்தச் சந்தைக்கு, மரக்கறி ஏற்றும் லொறிகள் மேட்டில் இரைந்து ஏறுகின்றன. பெப்ரவரி, மார்ச் அறுவடை முடிந்தால் வைக்கோலும் சேர்ந்து எரிகிறது. மேலே போக வழியில்லாத புகை நீலநிறப் பட்டையாகப் பள்ளத்தாக்கின் குறுக்கே நீண்டு கிடக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அதைப் பனி என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். மூடுபனி வெள்ளையாக இருக்கும், முகத்தில் ஈரம் படும். புகைப்பட்டை நீலச் சாம்பலாக இருக்கும், விறகு வாசனை வரும், தொண்டையின் பின்புறத்தில் தெரியும். வெயில் தரையைச் சூடாக்கி ஒன்பது, பத்து மணிக்கு அந்த மூடி உடைந்ததும் எல்லாம் கலைந்துவிடும். ஆனால் பிள்ளைகள் பாடசாலைக்கு நடப்பது ஏழு மணிக்கு.

இதே பருவத்தில் இன்னொன்றும் உண்டு. வடகிழக்கிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் காற்று, வட இந்தியச் சமவெளியின் புகையையும் கொஞ்சம் சுமந்து வரும். 1999ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை இந்து சமுத்திரத்தின் மேல் பல நாட்டு விஞ்ஞானிகள் நடத்திய பெரிய ஆய்வில் இந்தப் பழுப்பு மூட்டம் தெளிவாக அளக்கப்பட்டது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் இருந்த நாட்களில் இலங்கையின் பல நகரங்களில் காற்று திடீரெனக் கெட்டு, டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இப்படி வெளியிலிருந்து வருவது கொழும்புக்கும் வெலிமடைக்கும் பொதுவானது. அதற்காக ஊரைத் தெரிவு செய்வதில் பயனில்லை.

எல்லாவற்றையும்விட அதிகமாக நான் கவலைப்படுவது அடுப்படியைப் பற்றி. புகைபோக்கி இல்லாத விறகடுப்பு எரியும் சிறிய அறையில் நுண்துகளின் அளவு, வெளியே மிக மோசமான நாளில் இருப்பதைவிடப் பல மடங்கு உயர்வது உலகெங்கும் திரும்பத் திரும்ப அளந்து கண்ட உண்மை. லயக் காம்பிராக்களில் மூன்று தலைமுறைப் பெண்கள் அந்தப் புகையில் நின்று இருமியதை நான் பார்த்திருக்கிறேன். அதை மலைக்குளிரின் இருமல் என்று எல்லோரும் எழுதிவைத்துவிட்டார்கள் என்பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. 2022இல் எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் போனபோது மறுபடி விறகுக்குத் திரும்பிய வீடுகள் பலவற்றில் இன்றும் விறகே எரிகிறது. நீங்கள் எரிவாயு அடுப்பு வைத்திருந்தாலும், பக்கத்து வீட்டு அடுப்படியின் புகை உங்கள் பிள்ளையின் படுக்கையறை ஜன்னலுக்கு வருமானால், நீங்களே விறகு எரிப்பதற்கு அது அவ்வளவாகக் குறைந்ததில்லை. இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும்: குளிருக்காகச் சிரட்டைக்கரியையோ மரக்கரியையோ சட்டியில் போட்டு மூடிய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கம்பளியைக் கூட்டிப் போடுங்கள்.

கைத்தொலைபேசியில் வெலிமடை என்று போட்டால் காற்றின் தரம் ஓர் எண்ணாக வருகிறது, அதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அளவுகோல்கள் தெளிவானவை. 2.5 மைக்ரோமீற்றரைவிடச் சிறிய துகள்கள் ஒரு நாள் சராசரியில் ஒரு கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்தது. இலங்கையின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதி 50 வரை அனுமதிக்கிறது. ஆகவே சட்டப்படி சரியான காற்று என்பதும் இழுப்புள்ள பிள்ளைக்கு நல்ல காற்று என்பதும் ஒன்றல்ல. ஆனால் செயலி காட்டும் எண் பல இடங்களில் அந்த ஊரில் அளந்தது கிடையாது. செய்மதித் தரவையும் கணினி மாதிரியையும் சேர்த்து, பல பத்துக் கிலோமீற்றர் அகலமான கட்டம் ஒன்றுக்குக் கணித்த சராசரி. அந்த ஒரே கட்டத்துக்குள் நுவரெலியாவின் மழையும் வெலிமடையின் வெயிலும், மலையுச்சியும் பள்ளமும் அடங்கிவிடும். காலை ஏழு மணிக்கு உங்கள் வாசலில் கிடக்கும் புகைப்பட்டையை அது காணாது. பரந்த மூட்டம் வருகிறதா என்பதை அறிய அது உதவும், அவ்வளவுதான். நீங்களே ஒரு சிறிய உணரியை வாங்கி வைக்கலாம். நானும் சில வருடங்களாக ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அவை ஒளியைச் சிதறவிட்டுத் துகளை எண்ணும் கருவிகள். ஈரப்பதன் 80, 85 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தில் ஊதிய துகளையும் பனித்துளியையும் சேர்த்து எண்ணி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். நவம்பர் மூடுபனியில் அது சிவப்பாக மாறினால் பதற வேண்டாம். மாசி மாதத்து உலர்ந்த காலையில் சிவப்பாக மாறினால் நம்புங்கள். தீ எங்கே எரிகிறது என்பதை நாசா நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் செய்மதித் தீப்புள்ளி வரைபடத்தில் பார்க்கலாம். மேகம் மூடியிருந்தாலும், செய்மதி கடக்காத நேரத்தில் அணைந்துவிட்டாலும் தெரியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் தானே இழுப்பைக் கொடுக்காதா என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். குளிர்ந்த உலர்ந்த காற்றை வேகமாக மூச்சிழுக்கும்போது, முக்கியமாக ஓடி விளையாடும்போது, இழுப்புள்ள சிலருக்கு மூச்சுக்குழாய்கள் சுருங்குவது உண்மை. ஆனால் பிள்ளைகளுக்கு வரும் இழுப்பில் மிகப் பெரும் பங்கு சாதாரணத் தடிமன் வைரசுகளால் வருவது, அவை புதிய பாடசாலையின் முதல் வாரங்களில் எந்த ஊரிலும் காத்திருக்கும். உயரத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை: வெலிமடையில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ 12 சதவீதம் குறைவு, மற்றபடி ஆரோக்கியமான பிள்ளையால் அதை உணரவே முடியாது. வத்தளையில் அவனுக்குத் தொல்லை கொடுத்தது வாகனப் புகையா, வீட்டுத் தூசியா, தடிமனா என்பதைப் பொறுத்துத்தான் இங்கே அவனுக்குச் சுகம் கிடைக்குமா என்பது தீர்மானமாகும். வாகனப் புகை என்றால் நல்ல மாற்றம் தெரியலாம். பூஞ்சணமும் தூசிப் பூச்சியும் என்றால், ஈரமான வீட்டில் தொல்லை கூடினாலும் கூடலாம். அதனால்தான் போவதற்கு முன் வைத்தியரிடம் இதைப் பேசுங்கள் என்கிறேன். தினமும் எடுக்கும் தடுப்பு மருந்தை மலைக்குப் போன உற்சாகத்தில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

போகும் காலத்தைப் பற்றி என் எண்ணம் இது. கணவருக்கு ஜனவரியில் கடமை ஏற்க வேண்டும் என்றால் அவர் முதலில் தனியாகப் போகட்டும். நீங்களும் மகனும் ஏப்ரல் விடுமுறையோடு போகலாம். மழை தூசியைக் கழுவியிருக்கும், இரவுக் குளிர் குறைந்திருக்கும், ஆடிக் காற்று தொடங்குவதற்கு முன் பிள்ளை ஊருக்குப் பழகிவிடுவான். அந்த மூன்று மாதங்களில் கணவருக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்குத் தேவை பள்ளத்தின் அடியில், ஓயாவையும் வயலையும் ஒட்டிய வீடும் இல்லை, காற்று நேரே அடிக்கும் முகட்டு வீடும் இல்லை. நடுச்சரிவில், கிழக்கு வெயில் படுகிற, பிரதான வீதியின் ஏற்றத்திலிருந்து தள்ளியிருக்கும் வீடு. பெப்ரவரியில் மழையும் காற்றும் இல்லாத மூன்று, நான்கு நாட்களில், காலை ஏழு மணிக்கு முன், ஊருக்கு மேலே உள்ள வளைவு ஒன்றில் அவர் போய் நிற்கட்டும். புகைப்பட்டை தட்டையாக, கோடு போட்டதுபோல ஒரே மட்டத்தில் முடியும். எந்தக் கூரைகள் அந்தக் கோட்டுக்கு மேலே தெரிகின்றன, எவை கீழே மறைகின்றன என்பதைத் தொலைபேசியில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாடகை முற்பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் படத்தில் உங்கள் வீட்டைத் தேடிப் பாருங்கள்.